மூடி வைத்த பிறகும் ஓடும் கேம்

மதுரை கோரிப்பாளையத்தில் மேம்பால வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த சமயம். தேவர் சிலையைத் தாண்டி ஏ.வி. பாலத்தில் ஏறுவதற்குள் பஸ்ஸிலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அப்படி ஒரு சாயங்காலம், பக்கத்து சீட்டில் இருந்த அக்கா மகன் கேட்டான்.

"மாமா, வியூஃபைண்டர்னு ஒரு கேம். வாங்கித் தர்றீங்களா?"

"ஃப்ரீயா டெமோ இருக்கா?"

"இருக்கு மாமா."

"அதை மட்டும் ஆடு மாப்ள. ஆடிட்டு மூடி வச்சிரு. ரெண்டு நாள் கழிச்சுப் பேசுவோம்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. தட்டிக் கழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். ஆனால், நம் கண்ணாலேயே பார்ப்பதுபோல் உள்ளே நடந்து திரிந்து, மூளையைக் கசக்கிப் புதிர் அவிழ்க்கும் இந்த வகை கேம்களுக்கு நான் பத்து வருஷத்துக்கும் மேலாக வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். அதைக் கற்றுக்கொடுத்தது கரண்ட் கட்.

2012 நினைவிருக்கும். சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இருக்காது. பள்ளியில் கிடைத்த அரசு இலவச லேப்டாப் என்னிடம் இருந்தது. நண்பன் ஒருவன் தான் வாங்கி வைத்திருந்த 'போர்ட்டல்' கேமை அதில் ஏற்றி ஆடவிட்டான். வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்டது. கையில் ஒரு துப்பாக்கி, ஆனால் அது யாரையும் சுடாது. ஒரு சுவரில் சுட்டால் நீல வாசல், இன்னொரு சுவரில் சுட்டால் ஆரஞ்சு வாசல். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வருவோம். அவ்வளவுதான் விதி.

அந்த விதியை அது சொல்லித்தந்த விதம்தான் இன்றைக்கும் எனக்கு வியப்பு. முதல் சில அறைகளில் துப்பாக்கியே கிடையாது. வாசல்கள் தானாகத் திறந்து மூடும்; நாம் நுழைந்து பழக வேண்டியதுதான். பிறகு துப்பாக்கி கிடைக்கும், ஆனால் நீல வாசலை மட்டும்தான் சுடும். இன்னும் சில அறைகள் கழித்துத்தான் ஆரஞ்சும் நம் கைக்கு வரும். நல்ல வாத்தியார் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தருவதுபோல.

ஒரு அறையில் மாட்டிக்கொண்டேன். எதிரே உயரத்தில் ஒரு மேடை, நடுவே பெரிய பள்ளம். தாவினால் எட்டாது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது, பேட்டரியும் தீர்ந்தது. மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தேன். வைகைக்கு அந்தப் பக்கம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் இருட்டில் நிழலாக நின்றது. விரலால் பாயின் மேல் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலேயிருந்து விழுந்தால் வேகம் கூடும். அந்த வேகத்தோடு தரையில் இருக்கும் வாசலுக்குள் விழுந்தால்? சுவரில் இருக்கும் வாசல் வழியாக அதே வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்து வெளியே வருவேனே! எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் வந்தது விடிகாலையில். போட்ட முதல் முயற்சியிலேயே மேடையில் போய் இறங்கினேன்.

அன்றிலிருந்து ஒரு புதிர் கேம் பணம் பெறுமா என்று நான் திரையில் பார்ப்பதில்லை, அணைத்த பிறகுதான் பார்க்கிறேன். சோறு சாப்பிடும்போதும் பல் விளக்கும்போதும் தலை தானாக அங்கே போகிறதா? போனால் வாங்கலாம். எவ்வளவு அழகாக இருந்தாலும், மூடியதும் மறந்துபோனால் விட்டுவிடலாம்.

பலர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. விலையை மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கிறார்கள். சண்டை கேமுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம், இதற்கு ஆகாது. போர்ட்டலே மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். 'சூப்பர்லிமினல்' அதைவிடவும் சின்னது. 2023 ஜூலையில் வியூஃபைண்டர் வந்த அதே மாதக் கடைசியில் 'வெண்பா' வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்த சமையல் நோட்டிலிருந்து இட்லியும் பிரியாணியும் செய்முறை கண்டுபிடிக்க வேண்டும். இது வேறு வகை கேம்தான், ஒரே மாலையில் முடிந்தும்விடும். ஆனால் அதை வாங்கிய நாளை நான் மறக்கவில்லை. சின்னதாக இருப்பது குறையே அல்ல. ஒரே வித்தையை நாற்பது அறைக்கு இழுப்பதுதான் குறை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. விடை தெரிந்த விடுகதையை மறுபடி போட முடியாது. இந்த கேம்களில் நாம் காசு கொடுத்து வாங்குவது நம்முடைய தெரியாமையைத்தான். வாங்கலாமா என்று பார்க்கப்போய் முழு ஆட்டத்தையும் வீடியோவில் பார்த்துவிட்டால், பிறகு வாங்குவதற்கு எதுவும் மிஞ்சாது. 2016இல் வந்த 'தி விட்னஸ்' கேமில் ஒரு தீவு முழுக்கப் பலகைகள். ஒவ்வொன்றிலும் கோடு இழுத்துப் புதிர் அவிழ்க்க வேண்டும், ஐந்நூறுக்கு மேல் இருக்கும். பல மணி நேரம் கழித்து அதில் ஒரு விஷயம் பிடிபடும். அதை நான் இங்கே எழுதினால் உங்கள் பணத்தை நானே எடுத்துக்கொண்டதாக ஆகும்.

அதனால் நான் முதல் பத்து நிமிட வீடியோவுக்கு மேல் பார்ப்பதில்லை. ஆடியவர்கள் எழுதியதில் பாராட்டை விட்டுவிட்டுத் திட்டியிருப்பதை மட்டும் படிப்பேன். 'சீக்கிரம் முடிந்துவிட்டது' என்று திட்டியிருந்தால் கண்டுகொள்வதில்லை. 'என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகும் செய்ய வரவில்லை' என்று பலர் எழுதியிருந்தால் கை எடுத்துவிடுவேன். அங்கே சோதிக்கப்படுவது புத்தி இல்லை, விரல்.

டெமோ இல்லாவிட்டால், இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடையின் பணம் திரும்பப் பெறும் விதி கைகொடுக்கும். வாங்கிய பதினான்கு நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் திருப்பிவிடலாம். இதை யோசித்துப் பயன்படுத்த வேண்டும். சூப்பர்லிமினலில் இரண்டு மணி நேரம் என்பது கிட்டத்தட்ட முழு கேம். அதை முடித்துவிட்டுப் பணத்தைக் கேட்பது தப்பு. விட்னஸில் இரண்டு மணி நேரம் என்பது வாசல்படி. ஆகவே நான் எந்த கேமாக இருந்தாலும் நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறேன். மிச்சச் சோதனையை ராத்திரி தலைக்குள் நடத்திக்கொள்ளலாம். பிளேஸ்டேஷனில் ஆடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே டவுன்லோட் ஆரம்பித்துவிட்டாலே பொதுவாகப் பணம் திரும்பாது.

ஒரு தடவை ஏமாந்தும் இருக்கிறேன். ஒரு கேமைத் திறக்கும் குறியீடான 'கீ'யைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்ற ஒருவரிடம் வாங்கினேன். மூன்றாம் வாரம் அந்த கீ ரத்தாகிவிட்டது, ஆளும் பதில் சொல்லவில்லை. இவ்வளவு அவசரப்படத் தேவையே இல்லை. ஸ்டீமிலேயே ஜூன் கடைசியிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி வரும். போர்ட்டல் போன்ற பழைய கேம்கள் பத்தில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்திருக்கின்றன. விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் விலை குறையும்போது மின்னஞ்சல் வரும். புதிர் கெட்டுப்போகிற பண்டம் இல்லை.

பர்ஸைப் போலவே உடம்பையும் கேட்க வேண்டும். நான் போர்ட்டல் ஆடுவதைப் பத்து நிமிடம் பார்த்த அக்காவுக்குக் குமட்டல் வந்துவிட்டது. கண் 'விழுகிறோம்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'சும்மா உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது; இரண்டும் முரண்படுவதால் வரும் தலைசுற்றல் அது. கேமின் அமைப்புகளில் பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் கூட்டி, அசைவின் மங்கலை அணைத்து, திரையை விட்டுத் தள்ளி உட்கார்ந்தால் பலருக்குச் சரியாகும். சிலருக்கு எதுவும் உதவாது. உங்களுக்கு எப்படி என்று ஆடிப் பார்த்துத்தான் தெரியும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மொழியையும் பாருங்கள். போர்ட்டலின் சுவையில் பாதி, கிளாடோஸ் என்ற இயந்திரக் குரலின் ஆங்கிலப் பேச்சில் இருக்கிறது. 'தி டாலோஸ் பிரின்சிப்பிள்' என்ற புதிர் கேம் பக்கம் பக்கமாக ஆங்கிலம் படிக்க வைக்கும். ஆனால் வில்லியம் சிர் பல வருஷம் உழைத்து உருவாக்கிய 'மேனிஃபோல்ட் கார்டன்' கேமில் பேச்சே இல்லை. சுவரைத் தரையாக மாற்றி நடக்கலாம். கட்டடத்தின் விளிம்பிலிருந்து குதித்தால், விழுந்துகொண்டே போய் அதே கட்டடத்தின் உச்சியில் இறங்குவோம். எல்லாத் திசையிலும் அதே கட்டடம் முடிவில்லாமல் நிற்கும். நம் ஆயிரங்கால் மண்டபத்தில் எந்தத் தூண் பக்கம் நின்றாலும் வரிசை நேராக ஓடுவதைப் பார்த்து வளர்ந்த மதுரைப் பிள்ளைக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு வார்த்தை ஆங்கிலம்கூடத் தேவைப்படாது.

மூன்றாம் நாள் அதே பஸ், அதே நெரிசல். மருமகன் டெமோவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி கோரிப்பாளையம் தர்கா பக்கம் நின்றது. அவன் ஜன்னல் வழியாக தர்காவின் கும்மட்டத்தை போனில் ஒரு படம் எடுத்தான். பிறகு போனைப் படுக்கவாட்டில் திருப்பி, ஒரு கண்ணை மூடி, ஆற்றுப் பக்கமாக நீட்டிப் பிடித்தான்.

"மாமா, அந்த கேம்ல போட்டோவை நீட்டி வச்சா படத்துல இருக்கிறது நெசமாவே அங்க வந்துரும். இதை இப்படிச் சாய்ச்சு வச்சா, கும்மட்டத்துச் சுவரு மேலயே நடந்து அக்கரைக்குப் போயிரலாம்ல?"

"எப்ப இருந்து இதை யோசிக்கிற?"

"நேத்து கெமிஸ்ட்ரி கிளாஸ்ல இருந்து."

அன்று ராத்திரியே வாங்கிக் கொடுத்தேன். ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம், முடித்துவிட்டான். தப்பு செய்தால் காலத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொள்ளும் வசதி அதில் இருப்பதால் எந்த இடத்திலும் அழுது நிறுத்தவில்லை. விடை கேட்டு என்னிடம் வரவும் இல்லை. கொடுத்த காசு தகும்.

இப்போது மேனிஃபோல்ட் கார்டன் எங்கள் பட்டியலில் இருக்கிறது. டிசம்பர் வரை பொறுப்பதாக அவனே சொல்லியிருக்கிறான்.