தெளிந்த நீரில் மறைந்த மீன்

தொழில் நிமித்தம் கடல்கடந்து செல்லும் நம் பிள்ளைகள் பலர், "புலால் வேண்டா என்று சொன்னால் போதும்" என்னும் நம்பிக்கையோடு புறப்படுகின்றனர். ஜப்பான் நாட்டிற்கு அது போதாது. ஏன் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

என் மகன் இயந்திரம் வாங்கும் பொருட்டு முதன்முறை ஒசாகா சென்றபோது, நான்கு நாள் காலைதோறும் விடுதியில் சோறும் மிசோ சாறும் உண்டான். மிசோ என்பது சோயா மொச்சையைப் புளிக்கவைத்த விழுது. சாற்றில் மிதந்தவை சோயாக் கட்டியும் கடற்பாசியுமே, ஐயுற ஏதுமில்லை. ஐந்தாம் நாள் உடனிருந்த அலுவலர் பேச்சுவாக்கில் கூறியபோதுதான் உண்மை தெரிந்தது. அச்சாற்றின் அடிநீர் 'தாஷி'. கட்சுவோ என்னும் மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்திச் சீவுவர். அச்சீவலை வெந்நீரிலிட்டு வடித்தெடுப்பதே தாஷி. வடித்தபின் மீன் கண்ணுக்குத் தெரியாது. அன்று முழுதும் அவன் உண்ணவில்லை. தொலைபேசியில் என்னிடம் கூறுகையில் குரல் தழுதழுத்தது. அறியாது நேர்ந்தது என்று தேற்றினேன். ஆயினும் கேட்கக் கற்றுக்கொடாத குறை என்னுடையதே.

"இதில் மீன் உண்டா?" என வினவினால், பரிமாறுபவர் மீன்துண்டையே எண்ணி "இல்லை" என்பார். அது பொய்யன்று. "எந்த நீரில் கொதித்தது?" என்றே வினவ வேண்டும்.

கொன்பு என்னும் கடற்பாசியிலிருந்தும் தாஷி வடிப்பதுண்டு. அதன் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்பதை 1908-இல் கிகுனாயே இகேடா கண்டறிந்தார். பௌத்த மடங்களின் 'ஷோஜின்' உணவு இத்தகைய நீரிலேயே ஆக்கப்படுகிறது. வெங்காயமும் பூண்டுங்கூட அதில் விலக்கு. ஒசாகாவிலிருந்து இரயிலில் செல்லத்தக்க கோயா மலை மடங்களில் விருந்தினர்க்கும் இது கிடைக்கும். ஆனால் காளானும் கிழங்கும் அதில் தாராளம். கந்தமூலம் விலக்குவோர் அங்கும் கேட்டே உண்ண வேண்டும். (கடற்பாசி நமக்கு ஆகுமா என்பது பெரியோரிடம் கேட்கத்தக்க வேறொரு வினா.)

உணவினும் கடினமானது பொழுது. டிசம்பரில் ஒசாகாவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். தொழில் விருந்துகளோ அதற்குப் பின்னரே தொடங்கும். இரண்டாம் பயணத்தில் மகன் அவலும் சத்துமாவும் கொண்டுசென்றான். விடுதி அறையின் மின்கெண்டியில் நீர் காய்ச்சி, பொழுதிருக்கவே உண்டு முடித்தான். தன் விரதத்தை ஜப்பானிய மொழியில் எழுதுவித்த சீட்டை முன்னதாகவே விருந்தளிப்போரிடம் கொடுத்திருந்தான். இரவு அவர்கள் உண்ண, இவன் வெறுங்கையோடு உரையாடியிருந்தான். அவர்களுக்குத்தான் கூச்சம்.

மூன்றாம் முறை சென்றபோது, அவர்கள் விருந்தை நண்பகலுக்கு மாற்றி வைத்திருந்தனர்.