செத்த நியூரானும் குடவோலையும்

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது. 'வயசானவங்களுக்குத்தான் புதுசு மண்டையில் ஏறாது. கம்ப்யூட்டருக்கு என்ன கேடு?' என்று கேட்டிருந்தாய். நியூரல் நெட்வொர்க்கிற்கும் அந்தக் கேடு உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து ஷிபான்ஷ் தோஹரே, ரிச்சர்ட் சட்டன் முதலானோர் 2024-இல் 'நேச்சர்' இதழில் அதை நிறுவினார்கள்.

இரண்டு வகைப் படங்களைத் தந்து பிரித்தறியப் பழக்கினார்கள். முடிந்ததும் வேறு இரண்டு. ஒவ்வொரு ஜோடியும் ஒரு பாடம். ஆரம்பத்தில் நூற்றுக்கு 89 சரி. 2000-ஆவது பாடத்தில் 77. பழையதை மறப்பது வேறு நோய். இது புதுப்பாடமே ஏறாத நோய்.

ஒரு நியூரானை மட்டும் பார். வரும் எண்களை எடைகளால் பெருக்கிக் கூட்டும். விடை 4 என்றால் 4-ஐ அனுப்பும். −3 என்றால் 0. எந்தப் படத்துக்கும் மைனஸே வரும்படி எடைகள் இழுபட்டுவிட்டால் அது எப்போதும் 0-தான். தவறைத் திருத்தப் பின்னோக்கி வரும் கணக்கும் அங்கே பூஜ்யமாகிவிடுவதால் எடை இம்மியும் நகராது. செத்தது செத்ததுதான். உயிரோடிருப்பவற்றிலும் பல ஒரே பதிலை ஒப்பிக்கத் தொடங்கும், எடைகள் பெருத்துப்போகும். கற்க இடம் கொடுத்தது தொடக்கத்தில் தற்செயலாய் இட்ட சிறு எடைகளின் பன்மை. அது தேய்ந்துவிடுகிறது.

இதற்கு அவர்கள் கண்ட மருந்து உத்திரமேரூர்க்காரியான உனக்குச் சட்டென்று புரியும். உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றனவே, அவை, வாரியம் எனப்படும் ஊர்க் குழுவில் இருந்தவர் பெயரை மூன்றாண்டு கழியாமல் மறுபடி குடவோலைத் தேர்வுக்கான குடத்தில் போடக் கூடாது என்கின்றன. புதியவருக்கு இடம் வந்துகொண்டே இருக்கும். ஆல்பர்ட்டாக்காரர்களும் இப்படித்தான் புதியவற்றுக்கு இடம் தந்தார்கள், ஆனால் எல்லா நியூரான்களையும் மாற்றவில்லை. மிகக் குறைவாகப் பயன்படும் நியூரான்களில் சிலவற்றுக்கு மட்டும் அவ்வப்போது புது எடை இட்டார்கள். புதிதாய் வந்ததன் வெளிச்செல்லும் எடை முதலில் 0. அதனால் நடக்கிற வேலை கெடாது. அது தேறும்வரை அதை நீக்குவதும் இல்லை. ஆயிரக்கணக்கான பாடங்களுக்குப் பிறகும் அந்த வலை கற்றது.

பழக்கி முடித்து எடைகளை உறையவைத்துவிடுவதே இன்று பெரிய மாடல்களில் வழக்கம். அதைக் குறை என்றே நான் நினைக்கிறேன். நாளும் மாறும் உலகத்துக்கு நாளும் கற்பதே தேவை.

முதலில் ஒரே ஒரு நியூரானைத் தாளில் போடு. எல்லாக் கூட்டலும் மைனஸ் ஆகும்படி எடை கொடுத்துவிட்டு, அதை எப்படி மீட்கலாம் என்று நீயே யோசித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா