ஒலியமைப்பை மீட்டெடுத்தல்

மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் உரையாடும் பொதுமொழி மிடி. 1983இல் வழக்கிற்கு வந்த இம்மொழி ஒலியைச் சுமப்பதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்னும் கட்டளைகளையே சுமக்கிறது. 1989இல் ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்திலும், இன்று திண்டுக்கல்லில் ஒருவர் தம் அறையில் கணினியோடு இணைக்கும் விசைப்பலகையிலும் வழங்குவது இதுவே.

கலைஞர் பல நாள் முயன்று உருவாக்கிய ஒலியமைப்புகள் கருவியின் நினைவகத்தில் தங்குகின்றன. பழைய கருவிகள் பலவற்றில் அந்நினைவகத்தைக் காப்பது ஒரு சிறு மின்கலம். அது தீர்ந்தால் அமைப்புகள் அழியும். பாடலின் சுரங்கள் கணினியில் எஞ்சியிருக்கும். அவற்றுக்குரிய குரல் இராது.

ஆதலின் அமைப்புகள் முழுவதையும் கணினிக்கு அனுப்பிக் கோப்பாகச் சேமிப்பர். அச்செய்தி 240 என்னும் எண்ணில் தொடங்கி 247இல் முடியும். தொடக்க எண்ணை அடுத்து, கருவியை உருவாக்கிய நிறுவனத்தின் அடையாள எண் வரும். திண்டுக்கல் பூட்டு தன் சாவிக்கன்றித் திறவாதது போல, பிற நிறுவனத்தின் கருவி அக்கோப்பை ஏற்பதில்லை.

மீட்கும்போது அக்கோப்பையே கருவிக்குத் திருப்பி அனுப்புவர். சில கருவிகளில் நினைவகப் பாதுகாப்பை முதலில் விலக்க வேண்டும். இல்லையேல் அனுப்பியது பதியாது. சேமிப்பை மின்கலம் மாற்றுவதற்கு முன்பே முடித்தல் வேண்டும். கழற்றிய பின்னர்க் கருவியிடம் அனுப்புவதற்கு ஒன்றும் இராது.