பெல்ட்டைக் கழற்றிய மனிதர்

உங்கள் வீட்டில் எல்ஜி வாஷிங் மெஷின் இருந்தால், அதிலும் முன்பக்கக் கதவைத் திறந்து துணி போடுகிற வகையாக இருந்தால், அதன் முகப்பைக் கொஞ்சம் பாருங்கள். ‘டைரக்ட் டிரைவ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வாங்கும்போது கடைக்காரர் அதைக் காட்டி ஏதோ சொல்லியிருப்பார். நாமும் தலையாட்டிவிட்டு விலையைக் கேட்டிருப்போம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடமாகியும் ‘இங்கே நமக்கு என்ன எதிர்காலம்’ என்று குழம்பி நிற்கிறவர்களுக்கு நான் அந்த ஸ்டிக்கரின் கதையைச் சொல்வது வழக்கம்.

கதையின் நாயகர் ஜோ சோங்-ஜின். 1956இல் தென் கொரியாவின் போரியோங்கில் பிறந்தவர். அப்பாவுக்கு மண்பாண்டத் தொழில். மகனும் சூளைக்கே வரவேண்டும் என்பது அவர் விருப்பம். மகன் அப்பாவிடம் பேசி அனுமதி வாங்கி, சியோலில் உள்ள யோங்சான் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு அதோடு சரி. கல்லூரி வாசலை மிதிக்காமலே 1976இல் கோல்ட்ஸ்டார் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். அந்த கோல்ட்ஸ்டார்தான் இன்றைய எல்ஜி. ஆளை எடைபோடப் பல்கலைக்கழகப் பெயரைக் கேட்கும் கொரியத் தொழில் உலகத்தில், அந்தப் பள்ளிப் படிப்போடு 2016 கடைசியில் எல்ஜி எலக்ட்ரானிக்ஸின் துணைத் தலைவராக, தலைமைச் செயல் அதிகாரியாக உயர்ந்தார்.

எப்படி? முதல் பதில், அவர் எந்தப் பிரிவைக் கேட்டு வாங்கினார் என்பதில் இருக்கிறது. அவர் சேர்ந்த சமயம் கோல்ட்ஸ்டாரில் எல்லோருக்கும் மின்விசிறிப் பிரிவின்மேல்தான் கண். ஃபேன் நன்றாக விற்றது. வாஷிங் மெஷினோ, கொரியாவின் முதல் இயந்திரத்தை இதே நிறுவனம் 1969இல் செய்து வெளியிட்டிருந்தும், நூறு வீட்டுக்கு ஒரு வீட்டில்கூட நுழையவில்லை. ஜோ அந்தப் பிரிவுக்குப் போனார். அடுத்த 36 வருடம் அங்கேயே இருந்தார்.

இதைப் படித்துவிட்டு, நாளைக்கே உங்கள் அலுவலகத்தில் ஆளில்லாத பிரிவைத் தேடி மாற்றல் கேட்டுவிடாதீர்கள். பேஜர் பிரிவிலும் ஒருநாள் ஆளில்லாமல்தான் போனது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: அந்தப் பொருள் செய்யவேண்டிய வேலையை மக்கள் இன்னும் கையால் செய்து கஷ்டப்படுகிறார்களா? 1976இல் கொரியப் பெண்கள் குளிர்காலத்தில் விரல் மரத்துப்போகும் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை இருக்கிறது, கருவிதான் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. உங்கள் பிரிவும் அப்படியென்றால் தைரியமாக உட்காருங்கள். அந்த வேலையே உலகத்திலிருந்து மறைந்துகொண்டிருந்தால், எழுந்துவிடுங்கள்.

கடன் வாங்கிய அறிவு

இனி அந்த ஸ்டிக்கருக்கு வருகிறேன். பழைய வாஷிங் மெஷினில் மோட்டார் ஓரிடத்தில், துணி சுழலும் டிரம் ஓரிடத்தில் இருக்கும். இடையில் ஒரு பெல்ட். மோட்டார் சுற்றினால் பெல்ட் இழுக்கும், பெல்ட் இழுத்தால் டிரம் சுற்றும். பெல்ட் நாளாக ஆகத் தளரும், வழுக்கும், தேயும். சக்தியில் ஒரு பங்கு வழியிலேயே வீணாகும். பிழியும் நேரத்தில் ஈரத்துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் மெஷின் தடதடவென்று ஆடும்.

பெல்ட்டையே தூக்கிவிட்டு மோட்டாரை நேராக டிரம்மோடு பொருத்தினால் என்ன? சொல்ல ஒரு வரிதான். ஆனால் அதற்கேற்ற மோட்டார் வேண்டும்: மெதுவாகச் சுற்றும்போதே பலமாகத் திருப்ப வேண்டும், பிழியும்போது வேகமெடுக்க வேண்டும், நொடிக்கு நொடி கட்டுக்குள் இருக்க வேண்டும். கொரிய நிறுவனங்கள் அப்போது ஜப்பானியத் தொழில்நுட்பத்தை நம்பித்தான் வாஷிங் மெஷின் செய்துகொண்டிருந்தன. பத்து வருடத்தில் ஏறக்குறைய 150 முறை ஜோ ஜப்பானுக்குப் போய்வந்தார். தொழிற்சாலையிலேயே கட்டிலும் சமையலறையும் போட்டுக்கொண்டு தன் குழுவோடு தங்கினார். 1998இல் டைரக்ட் டிரைவ் மோட்டார் வந்தது. சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் 22 வருடம்.

இந்தக் கதையில் என்னை அதிகம் கவர்வது அந்த 150 பயணங்கள். தன் பிரிவு எதைக் கடன் வாங்கிப் பிழைக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார், பிறகு அதைக் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டே இருந்தார். உங்கள் குழுவிலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். ‘அதை வெண்டாரைத்தான் கேட்கணும்’, ‘அது ஹெட் ஆபீஸுக்குத்தான் தெரியும்’ என்று எல்லோரும் கைவிரிக்கிற ஒரு விஷயம். ஒரு மாதம் இந்த வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் நோட்டில் குறித்துவாருங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் நீங்கள் கற்கவேண்டிய பாடம். வெண்டாரின் ஆள் சர்வீஸுக்கு வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவருக்கு டீ வாங்கிக் கொடுங்கள். கேளுங்கள்.

அதே காலத்தில் போட்டி நிறுவனத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 1993இல் சாம்சங்கின் உள் தொலைக்காட்சி ஒரு காட்சியைப் படமெடுத்தது. வாஷிங் மெஷின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. தொழிலாளிகள் ஓரத்தைக் கத்தியால் சீவிச் சீவிப் பொருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக் கொதித்துப்போன தலைவர் லீ குன்-ஹீ, அந்த ஜூனில் பிராங்க்பர்ட்டில் அதிகாரிகளைக் கூட்டி, மனைவி மக்களைத் தவிர எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். மேலிருந்து வந்த அந்தப் புயல் சாம்சங்கை மாற்றியது உண்மை. ஆனால் நம்மில் யாரும் நிறுவனத்தின் தலைவர் இல்லை. மூடி ஏன் பொருந்தவில்லை என்று அச்சு வார்க்கும் இடம்வரை போய்க் கேட்பதுதான் நம் கையில் இருப்பது. அதனால்தான் லீயைவிட ஜோவை நான் அதிகம் சொல்கிறேன்.

கட்டிலை விட்டுவிடுங்கள்

தொழிற்சாலைக் கட்டிலை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மேலதிகாரிகள் இந்தக் கதையில் கட்டிலை மட்டும்தான் எடுத்துச் சொல்வார்கள். கொரியாவே அந்தக் காலத்தைக் கடந்துவிட்டது. வாரத்துக்கு 68 மணி நேரம்வரை வேலை வாங்க இடமிருந்த நடைமுறையை மாற்றி 52 மணி என்ற உச்சவரம்பு 2018 ஜூலையில் பெரிய நிறுவனங்களில் அமலுக்கு வந்தது. அப்போது எல்ஜி எலக்ட்ரானிக்ஸின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஜோவேதான். அவர் ஜெயித்தது தூக்கத்தைத் தொலைத்ததால் என்று நான் நம்பவில்லை. துணி வேலையை எப்படிச் சுலபமாக்குவது என்ற ஒரே கேள்வியை இருபது வருடம் கையைவிட்டுப் போகவிடாததால் ஜெயித்தார்.

அந்தக் கேள்வி வேலை நேரத்துக்கு வெளியேயும் கூடவே வந்தது என்பதற்கு ஒரு சம்பவம். தென் அமெரிக்கப் பக்கம் போயிருந்தபோது பெட்டியில் இருந்த சட்டையெல்லாம் கசங்கிவிட்டது. போனில் மனைவி ஒரு யோசனை சொன்னார்: குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் துணியை உள்ளே தொங்கவிடுங்கள். ஆவி பட்டுச் சுருக்கம் விட்டுப்போனது. நாமாக இருந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்போம். அவர் ஊர் திரும்பி, அதை ஓர் அலமாரியாகச் செய்ய முடியுமா என்று பார்த்தார். 2011இல் ‘ஸ்டைலர்’ விற்பனைக்கு வந்தது. வாஷிங் மெஷினிலிருந்து நீராவி, ஃபிரிட்ஜிலிருந்து வெப்பநிலைக் கட்டுப்பாடு, ஏசியிலிருந்து காற்றோட்டம் என்று கையில் இருந்த அறிவையெல்லாம் அதில் சேர்த்திருந்தார்கள்.

ஆழம் எட்டாத இடம்

ஒரே துறையில் ஊறியவருக்கு எல்லாமே கைகூடும் என்று நினைத்தால் அது தவறு. ஜோ தலைமைக்கு வந்தபோது வீட்டு உபயோகப் பொருள்கள் லாபத்தில் கொழித்தன. மொபைல் போன் பிரிவு நஷ்டத்தில் இருந்தது. அவர் காலம் முழுவதும், அவர் விலகிய பிறகும் அந்த நஷ்டம் தீரவில்லை. 2015 நடுவிலிருந்து தொடர்ந்து 23 காலாண்டு, மொத்தம் ஏறக்குறைய 5 லட்சம் கோடி வொன். வாஷிங் மெஷின் வாங்கியவர் பத்து வருடம் அதை மாற்றமாட்டார். போன் வாங்கியவர் இரண்டு வருடத்தில் அடுத்ததைத் தேடுவார். ஒன்றில் பலமாக இருந்த பொறுமை மற்றதில் அந்த அளவுக்கு உதவவில்லை என்பது என் கணிப்பு. பதவி உயர்வில் பழக்கமில்லாத பிரிவு உங்கள் பொறுப்பில் வந்தால், முதல் ஆறு மாதம் பழைய பிரிவின் பெருமையைப் பேசாமல் இருங்கள். அங்கே பல வருடம் இருப்பவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கேளுங்கள்.

ஜோ 43 வருட வேலையை முடித்து 2019 கடைசியில் ஓய்வு பெற்றார். 2021 ஏப்ரலில் எல்ஜி போன் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. அதில் இருந்த ஆயிரக்கணக்கானோர் வாகன உதிரிபாகம், வீட்டு உபயோகப் பொருள், பேட்டரி என்று குழுமத்தின் வெவ்வேறு இடங்களுக்குப் போனார்கள். ‘போன் எஞ்சினியர்’ என்ற பெயர் அவர்களுக்கு இனி உதவாது. ஆன்டெனா தெரிந்தவர், கேமரா தெரிந்தவர், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர் என்றுதான் புதிய இடத்தில் அறிமுகமாகியிருப்பார்கள்.

உங்கள் ரெஸ்யூமேயை எடுங்கள். நீங்கள் வேலை செய்த பொருளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வருகிற இடத்தையெல்லாம் பேனாவால் அடியுங்கள். ஜோவின் தாளில் ‘வாஷிங் மெஷின்’ என்பதை அடித்தாலும் மோட்டார் நிற்கும், அதிர்வு நிற்கும், நீராவி நிற்கும். உங்கள் தாளில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றும் நிற்கவில்லையென்றால், அடுத்த அப்ரைசலுக்கு முன்னால் அந்த வெண்டாரின் ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.