கற்றாழை: ஒரு பெயரும் இரு செடிகளும்

புதிதாக வந்த செடிக்குப் பழகிய செடியின் பெயரையே அடியாகக் கொண்டு பெயர் சூட்டுவது தமிழ் மக்கள் வழக்கு. கடற்கரைத் தாழையின் முள்விளிம்பு மடலைக் கண்டு பழகியவர்கள், வறண்ட நிலத்தில் அதுபோன்ற மடலோடு நின்ற செடியைக் கற்றாழை என்றனர். கல், தாழை என இச்சொல்லைப் பிரிக்கலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அன்னாசிக்கும் பறங்கித்தாழை என்னும் பெயர் உண்டு. தோற்ற ஒப்புமை கொண்டு பெயரிடுவது மொழிக்கு அழகுதான். ஆயின், ஒரு பெயருக்குள் இரு வேறு செடிகள் அடங்கும்போது சிக்கல் பிறக்கிறது.

ஆதம்பாக்கத்துத் தெருக்களிலும் இவ்விரண்டும் உள்ளன. ஒன்று, வீட்டு வாசற்படியின்மேல் தலைகீழாகத் தொங்கவிடப்படும் சோற்றுக்கற்றாழை. மற்றொன்று, அடுக்குமாடி வீடுகளின் முகப்பில் அழகுக்காக வளர்க்கப்படும் மஞ்சள் வரியிட்ட ஆனைக்கற்றாழை. ஆங்கிலேயர் காலத்தில் இருப்புப்பாதை ஓரங்களில் இதனை வேலியாக நட்டனர். இரயில் கற்றாழை என்னும் பெயர் அவ்வழி வந்தது போலும்.

சோற்றுக்கற்றாழையின் தாயகம் அரபுத் தீபகற்பம். அரபு மொழியில் இது ஸபிர் எனப்படும். பொறுமையைக் குறிக்கும் ஸப்ர் என்னும் சொல்லும் இதே வேரினது. இதன் கசப்புப் பாலை வற்றவைத்துப் பெறும் கட்டிக்கு யூனானி மருத்துவத்தில் முஸப்பர் என்று பெயர். நம் நாட்டு மருந்துக்கடையில் அதுவே மூசாம்பரம் ஆயிற்று. நம் மூதாட்டியர் சுளுக்குக்குப் பற்றிட்ட மூசாம்பரத்தில் ஓர் அரபுச் சொல் ஒளிந்திருப்பதை மாணாக்கர் அறிதல் நன்று.

ஆனைக்கற்றாழையோ மெக்சிகோ நாட்டுச் செடி. கொலம்பசின் கடற்பயணத்துக்குப் பின்னரே அது இங்கு வந்திருக்க இயலும். எனவே சங்க நூல்களில் அதனைத் தேடுவது வீண். அந்நூல்கள் பேசும் நார்ச்செடி மரல். மருள் என்பதும் அதுவே. வியப்பு யாதெனில், இன்றைய மரபணு ஆய்வு ஆனைக்கற்றாழையையும் மருளையும் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில் சேர்த்துவிட்டுச் சோற்றுக்கற்றாழையை வேறு குடும்பத்தில் வைக்கிறது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. மணமாலையில் நாம் தொடுக்கும் நிலச்சம்பங்கியை 2017இல் தாவரவியலார் ஆனைக்கற்றாழையின் பேரினத்திலேயே சேர்த்தனர்! மூக்கும் கண்ணும் ஒப்பாத உறவு இது.

வறட்சியில் இச்செடி வாழும் திறத்தை அமெரிக்க அறிஞர் பார்க் நோபல் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். பிற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். அப்போது நீர் ஆவியாகிவிடும். ஆனைக்கற்றாழை இரவில் துளை திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. பகலில் துளைகளை அடைத்துக்கொண்டு, அச்சேமிப்பிலிருந்து வெயிலின் துணையால் உணவு சமைக்கிறது. மெக்சிகோவில் இதன் சர்க்கரையிலிருந்து மது வடிப்பர். அதனை விரித்துரைக்க இம்மலரில் இடமில்லை.

நாரின் கதை

தென்மாவட்டங்களில் கற்றாழை மடலை நீரில் ஊறவைத்து அடித்து நார் எடுத்துக் கயிறு திரித்தனர். உலகச் சந்தையை ஆண்டது இதன் இனமாகிய சைசால். 1893இல் ஹிண்டோர்ஃப் என்னும் ஜெர்மானியர் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து 1000 நாற்றுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வரவழைத்தார். பிழைத்தவை 62. அவற்றிலிருந்து பெருகிய தோட்டங்களே பின்னாளில் தான்சானியாவின் செல்வமாயின. நம் நாட்டில் ஒடிசாவின் பாம்ராவில் சைசால் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு.

மடலின் எடையில் நார் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே, எஞ்சியது கழிவு. அக்கழிவே மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. 1949இல் மூட்டுவாத நோயாளர்க்குக் கார்ட்டிசோன் பெரும்பயன் தருவது உலகுக்குத் தெரிந்தது. அதனை மாட்டின் பித்தநீரிலிருந்து பல படிகளில் செய்யவேண்டியிருந்ததால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 1951இல் கேலோ, கார்ன்ஃபோர்த், ஸ்பென்ஸ்லி ஆகிய மூவர், சைசால் சாற்றுக் கழிவிலிருந்து ஹெகோஜெனின் என்னும் பொருளைப் பெறும் வழியை வெளியிட்டனர். அதனை மூலப்பொருளாகக் கொண்டு கிளாக்சோ நிறுவனம் பின்னர் பீட்டாமெத்தசோன் செய்தது. தோல் அழற்சிக்கு இன்றும் தடவும் களிம்பு அது. மூவருள் கார்ன்ஃபோர்த், செவிப்புலனை இளமையிலேயே இழந்தவர். 1975இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

தோலுக்குத் தீங்கு

தோலழற்சியைத் தணிக்கும் மருந்துக்கு மூலமான இதே செடியின் பச்சைச்சாறு, தோலில் பட்டால் அழற்சியை உண்டாக்கும். மெக்சிகோத் தொழிலாளரிடையே நிகழ்ந்து 2001இல் வெளியான ஆய்வு, ஒரு துளிச் சாற்றில் 100 முதல் 150 வரை கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருப்பதைக் காட்டியது. இருமுனையும் கூரிய அவை தோலில் தைத்து எரிச்சலும் கொப்புளமும் தருகின்றன. முகப்பொலிவுக்கும் வெயிற்கட்டிக்கும் கற்றாழை தடவுக என்று கேள்வியுற்ற இளையோர், வீட்டு முகப்பிலுள்ள தொட்டியில் கைவைத்தால் என்னாகும்? பெயர் ஒன்றாயிருப்பதன் விளைவை முகம் தாங்கவேண்டிவரும். உண்டால் வாயும் தொண்டையும் புண்ணாகும்.

வேறுபாடு அறிவது எளிது. சோற்றுக்கற்றாழை மடல் கையால் ஒடியும், முதலில் மஞ்சள் நிறக் கசப்புப் பால் கசியும், உள்ளே தெளிந்த சோறு இருக்கும், நார் இராது. ஆனைக்கற்றாழை மடல் கையால் ஒடியாது; கிழித்தால் வெண்ணார் இழையிழையாக வரும்; நுனியில் கருத்த வன்முள் நிற்கும். அம்முள்ளைக் கண்டால் கைவைக்காதிருப்பதே தகும். சாறு பட்டுவிட்டால் தேய்க்காமல் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுதல் வேண்டும். கண்ணில் தெறித்தால் கழுவியவுடன் மருத்துவரை நாடவேண்டும்.