ஆளில்லா வண்டிகளின் பாலைவனப் பந்தயம்

ரயில் வண்டிக்குப் பாதை தேடும் வேலை இல்லை. தண்டவாளம் போகும் வழியே அதன் வழி. வேகத்தைக் கவனித்தால் போதும். தண்டவாளமும் இல்லை, தார்ச் சாலையும் இல்லை, ஓட்டுநரும் இல்லை என்றால் ஒரு வண்டி எப்படி ஓடும்? பொறியியல் படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, 2004 மார்ச் 13 அன்று மொஹாவி பாலைவனத்தில் ஒரு பந்தயம் நடத்தியது. தூரம் ஏறத்தாழ 230 கி.மீ. பரிசு 10 லட்சம் டாலர். வண்டியில் ஆள் இருக்கக் கூடாது. வெளியிலிருந்தும் இயக்கக் கூடாது. களத்தில் இறங்கிய 15 வண்டிகளில் ஒன்றுகூட முடிக்கவில்லை. அதிக தூரம் சென்றது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'சாண்ட்ஸ்டார்ம்'. அதுவும் 12 கி.மீ.க்குள் ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு, சக்கரங்கள் சுழன்று புகைய, நின்றுவிட்டது. பரிசு யாருக்கும் இல்லை.

அடுத்த பந்தயம் 2005 அக்டோபர் 8 அன்று நடந்தது. தூரம் 212 கி.மீ., பரிசு 20 லட்சம் டாலர். இம்முறை 23 வண்டிகளில் ஐந்து முழுத் தூரத்தையும் கடந்தன. முதலிடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரன் தலைமையில் உருவான 'ஸ்டான்லி'க்கு. எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 54 நிமிடம்.

ஸ்டான்லி வென்றது எப்படி?

செல்ல வேண்டிய வழியின் புள்ளிகள் பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு எல்லாக் குழுக்களுக்கும் தரப்பட்டன. செயற்கைக்கோள் உதவியால் வண்டி தான் நிற்கும் இடத்தை அறியும். ஆனால் எதிரே கிடக்கும் கல்லைச் செயற்கைக்கோள் சொல்லாது. அதற்காக ஸ்டான்லியின் கூரையில் ஐந்து லேசர் கருவிகள் இருந்தன. அவை தரையின் மேடு பள்ளங்களை அளந்துகொண்டே வந்தன.

இங்கேதான் சிக்கல். கரடுமுரடான தரையில் வண்டி குலுங்கும். வண்டியின் சாய்வை அரை டிகிரி தவறாகக் கணித்தாலும், 20 மீட்டர் தள்ளியுள்ள தரை ஏறத்தாழ 17 செ.மீ. உயர்ந்தோ தாழ்ந்தோ தெரியும். சமதரையில் இல்லாத கல் முளைத்துவிடும்! இல்லாத கல்லுக்கு ஒதுங்கும் வண்டி, இருக்கும் பள்ளத்தில் விழும்.

ஸ்டான்லி குழுவினர் அளவுகளை அப்படியே நம்பவில்லை. இரண்டு அளவுகளுக்கு இடையே நேரம் கூடக் கூட, அவற்றின் வித்தியாசத்துக்குத் தரும் நம்பிக்கையைக் குறைத்தார்கள். எவ்வளவு குறைப்பது? அதை அறிய ஒரு மனிதரை ஓட்டச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அவர் சக்கரம் ஏறிய தரை நல்ல தரை. அங்கே 'கல்' என்று கம்ப்யூட்டர் சொன்னால் அது பொய். இப்படித் திருத்தியபின், 100-க்கு 12-க்கு மேல் இருந்த பொய் எச்சரிக்கை 50,000-க்கு ஒன்றாகக் குறைந்தது.

வேகமும் பார்வையும்

லேசரின் நம்பகமான பார்வை ஏறத்தாழ 22 மீட்டர். மண் தரையில் பிரேக், வினாடிக்கு வினாடி 4 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது என்றும், பிரேக் பிடிக்க அரை வினாடி ஆகிறது என்றும் கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க 21 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. என்றால் 43 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்கு, தூரமோ இரு மடங்கு.

ரயில்வேயில் இதே கணக்குக்காகத்தான் டிஸ்டன்ட் சிக்னல் வைக்கிறோம். நிற்க வேண்டிய இடத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் முன்பே ஓட்டுநருக்குச் செய்தி போய்விடும். ஸ்டான்லிக்கு அந்த வேலையைச் செய்தது கேமரா. லேசர் 'நல்ல தரை' என்று சொன்ன பகுதியின் நிறத்தைக் கேமரா கற்றுக்கொண்டு, அதே நிறம் 70 மீட்டர் வரை தொடர்கிறதா என்று பார்த்தது. தொடர்ந்தால் வேகம், இல்லையேல் நிதானம்.

பாதி வழிக்கு மேல் முன்னணியில் இருந்தது கார்னகி மெலனின் இன்னொரு வண்டியான 'ஹைலேண்டர்'. அதன் எஞ்சின் பலமிழந்ததால் ஸ்டான்லி முந்தியது. காரணம் 2017-இல்தான் தெரிந்தது: எஞ்சின் கட்டுப்பாட்டுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் இடையே இருந்த சிறிய மின்னணு வடிகட்டி ஒன்றில் பழுது. எவ்வளவு அறிவுள்ள கம்ப்யூட்டர் இருந்தாலும், பராமரிப்பு பராமரிப்புதான்.

ராணுவத் தேவைக்காகத் தொடங்கிய முயற்சி இது. இன்று அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் ஓட்டுநரில்லா டாக்சிகள் ஓடுவதற்கு வித்திட்டதும் இதுவே. கருவி சொல்வதில் எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்து அளப்பவரே நல்ல பொறியாளர்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு: ஈர மண்ணில் பிரேக்கின் பலம் பாதியானால், 22 மீட்டர் பார்வையோடு எவ்வளவு வேகத்தில் போகலாம்? (விடை: மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ.)