கம்பியில்லாச் செய்தியும் வெற்றிரைச்சலும்

நீர்த்தாங்கியின் மட்டத்தைக் கிணற்றடி மோட்டாருக்குக் கம்பியின்றி அறிவிக்கும் சிறு பொறியை அமைக்கும் மாணவர் முதல்நாளிலேயே ஒரு விந்தையைக் காண்பர். செலுத்தியை நிறுத்திய பின்னரும் வாங்கி ஓயாது எழுத்துக்களைப் பொழியும். அயல்வீட்டுக் கருவியே குற்றவாளி என்பர். பெரும்பாலும் அஃதன்று.

433.92 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் இயங்கும் மலிவான வாங்கி, அலை வராதபோது தன் பெருக்கத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும். அப்போது வெற்றிரைச்சலே ஒன்றும் பூச்சியமுமாக வெளிப்படும். அதனைத் தொடர்முறையில் வாசிக்கும் நுண்கட்டுப்படுத்திக்கோ, மின்னழுத்தம் ஒருமுறை தாழ்ந்தாலே ஓரெழுத்துத் தொடங்கிற்று என்பது கணக்கு. இவ்வாறு மோட்டாரை இயக்கும் எழுத்தும் தற்செயலாய்த் தோன்றிவிடலாம். கோடையில் வற்றிய கிணற்றில் மோட்டார் வறிதே ஓடினால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

அலைநீளத்தின் காற்பங்காகிய 17 சதமமீற்றர்க் கம்பியை உணர்கொம்பாக இடுதலும், வாங்கியின் மின்வழங்கலருகே 0.1 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி வைத்தலும் நன்றே. இவற்றை மறப்போரே மிகுதி. ஆயினும், செலுத்தி ஓய்ந்திருக்கும்போது எழும் இரைச்சலை இவை அடக்கமாட்டா. ஆகவே செய்திக்கு முன் ஒன்றும் பூச்சியமும் மாறிமாறி வரும் சில எழுத்துக்களை அனுப்புக. அதற்குள் பெருக்கம் நிலைப்படும். பின்னர்த் தொடக்கக்குறி, செய்தி, ஈற்றிற் சரிபார்ப்பெண். அவ்வெண் 8 துவித இலக்கமாயின் இரைச்சல் 256இல் ஒருமுறை அதனை ஒத்துவிடும். 16 ஆயின் 65,536இல் ஒருமுறை. மோட்டாருக்குப் பின்னதே தகும். தாங்கி 10 செக்கனுக்கு ஒருமுறை பேசட்டும். ஒரு நிமிடம் வரை பிழையற்ற செய்தி வாராதொழியின் மோட்டார் தானே நிற்குமாறு கட்டளை எழுதுக.